கம்ப்ரஷர் மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை: காயில் போய்விட்டதா?

கேட்டவர்:
பட்டறையில் இருப்பது 2 எச்பி சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரஷர், பெல்ட் போட்டது. ஸ்விட்ச் போட்டால் ‘உம்ம்’ என்று முனகுகிறது, புல்லி அசைவதே இல்லை, சில நொடிகளில் ஓவர்லோடு (அதிக கரண்ட் போனால் அணைக்கும் ஸ்விட்ச்) விழுந்துவிடுகிறது. கொஞ்ச நாளாகவே டேங்க் காலியாக இருந்தால் நன்றாகக் கிளம்பும், ஆனால் காற்று நிரம்பி நின்று, பிரஷர் இறங்கி, தானாகத் திரும்பக் கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் திணறும். இப்போது காலி டேங்கிலும் கிளம்பவில்லை. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் காயில் எரிந்திருக்கும், ரீவைண்டிங் போடுங்கள், அதாவது காயிலைப் புதிதாகச் சுற்றுங்கள் என்கிறார். ஆனால் எரிந்த வாடை எதுவும் இல்லை. கழற்றிக் கொடுப்பதற்கு முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கிறது, அதில் கண்டென்சர் அளக்கும் வசதியும் உண்டு.

வைண்டர்:
முதலில் மோட்டாரைக் கழற்றாதீர்கள். முனகுகிறது என்றால் ரன்னிங் காயிலில் கரண்ட் போகிறது என்று அர்த்தம். சிங்கிள் ஃபேஸில் ரன்னிங் காயில் மட்டும் இருந்தால் ரோட்டரை நின்ற இடத்திலிருந்து கிளப்ப முடியாது, அதற்குத்தான் ஸ்டார்ட்டிங் காயிலும் கண்டென்சரும், வேகம் எடுத்ததும் அவற்றைத் துண்டிக்கும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்சும். இந்த மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் நீங்கள் சொல்வது போலத்தான் முனகும். எங்களிடம் ரீவைண்டிங்குக்கு என்று வருவதில் நிறைய மோட்டார்களுக்குக் காயில் நன்றாகவே இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். சுற்றாமல் நிற்கும் மோட்டார் சாதாரண கரண்டைப் போல 5, 6 மடங்கு இழுக்கும். முனகியதும் இரண்டு மூன்று நொடிக்குள் ஆஃப் செய்யுங்கள். திரும்பத் திரும்ப ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தால் நல்ல காயிலும் எரிந்துபோகும்.

லேத் பட்டறை:
பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டு, புல்லியைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். ஓடினால் கண்டென்சர்தான், முடிந்தது.

ஃபிட்டர்:
அண்ணா, கையால் தள்ளுவது மட்டும் வேண்டாம். கிளம்பினால் ஒரு நொடியில் முழு வேகம் எடுக்கும், விரல் அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கண்டென்சரை நேரடியாக அளக்க மீட்டர் இருக்கும்போது இந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை.

ஆனால் பெல்ட்டைக் கழற்றச் சொன்னது சரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரெயின் வால்வைத் திறந்து டேங்கில் உள்ள காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு, பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்ப் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிறகு மோட்டார் ஷாஃப்டையும். பம்ப் இறுக்கமாக இருந்தால் கோளாறு அந்தப் பக்கம், எண்ணெய் வற்றியோ பேரிங் போயோ இருக்கலாம். இரண்டும் லேசாகச் சுற்றுகிறது, பெல்ட் இல்லாமலும் மோட்டார் முனகத்தான் செய்கிறது என்றால் கோளாறு மின்சாரப் பக்கம். இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் சந்தேகம் போய்விடும்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். பம்ப், மோட்டார் இரண்டும் லேசாகச் சுற்றுகின்றன. பெல்ட் இல்லாமலும் முனகல்தான். கண்டென்சரை எப்படி அளப்பது?

வைண்டர்:
பிளக்கைப் பிடுங்கியபின்னும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், அதை மறக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், ஹோல்டரில் போட்ட பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் சில நொடி வைத்து இறக்குங்கள். டிசி வோல்ட் அளந்து பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டு, ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவுக்குள் வர வேண்டும். உடம்பு உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ அளக்கவே தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான்.

கையோடு ஓம்ஸிலும் பாருங்கள். ஸ்டார்ட்டிங் காயில் பொதுவாக ரன்னிங் காயிலைவிடக் கொஞ்சம் கூடுதல் ஓம்ஸ் காட்டும். ஏதாவது ஒன்று ஓபன் (உள்ளே அறுந்தது) காட்டினாலோ, பாடிக்கும் (மோட்டாரின் வெளிக்கூடு) காயிலுக்கும் நடுவே ரீடிங் வந்தாலோதான் ரீவைண்டிங் பேச்சு. பாடி லீக்கை முழுதாக நம்ப 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும், மல்டிமீட்டர் பெரிய கோளாறை மட்டும்தான் காட்டும்.

கேட்டவர்:
100–120 என்று போட்டிருக்கும் கண்டென்சர் 31 காட்டுகிறது! காயில் இரண்டும் நன்றாக இருக்கின்றன, பாடிக்கு எதுவும் வரவில்லை. அப்படியானால் கண்டென்சரை மட்டும் மாற்றினால் போதும்தானே?

ஃபிட்டர்:
மாற்றுங்கள், கிளம்பிவிடும். ஆனால் அதோடு விட்டால் புதியதும் போகும், ஏனென்றால் நீங்கள் முதலில் சொன்ன திணறல் இன்னும் அப்படியே இருக்கிறது. டேங்க் காலியாக இருந்தால் கிளம்பும், காற்று இருந்தால் திணறும் என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். மோட்டார் நிற்கும்போது பிரஷர் ஸ்விட்ச் பக்கம் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஹெட்டிலும் டெலிவரி பைப்பிலும் அடைபட்ட காற்றை அன்லோடர் வால்வு வெளியே விடும் சத்தம் அது. அது விடாவிட்டால் பிஸ்டன் மேலே பிரஷர் அப்படியே நிற்கும், அடுத்த முறை மோட்டார் அந்த எடையைத் தள்ளிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஸ்டார்ட்டிங் கண்டென்சர் கொஞ்ச நேரம் மட்டும் கரண்ட் தாங்கச் செய்தது, ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் இழுத்தால் சூடாகிச் செத்துவிடும்.

உங்களுடையதில் ‘புஸ்’ வருகிறதா? ஒரு தடவை வந்து நின்றால் நல்லது. வரவே இல்லை என்றால் அன்லோடரோ அதற்குப் போகும் மெல்லிய டியூபோ அடைத்திருக்கிறது. மோட்டார் நின்றபிறகும் டேங்க் இறங்கும்வரை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டேங்கில் இருக்கும் நான் ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை, காற்று திரும்பி வருகிறது.

லேத் பட்டறை:
நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டுகிறீர்களா? மெல்லிய ஒயர் என்றால் கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் விழும். மோட்டாரின் கிளம்பும் பலம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, 10 சதவீதம் குறைந்தால் பலம் 19 சதவீதம் குறையும், 20 குறைந்தால் 36 சதவீதம். மோட்டார் டெர்மினலில், கிளம்பும் அந்த நொடியில் அளந்தால்தான் தெரியும், சும்மா நிற்கும்போது சரியாகத்தான் காட்டும்.

கேட்டவர்:
எக்ஸ்டென்ஷன் இல்லை, நேராக போர்டிலிருந்து தடித்த ஒயர்தான். அந்தப் ‘புஸ்’ சத்தம் முன்பெல்லாம் கேட்கும், இப்போது கொஞ்ச நாளாகக் கேட்கவில்லை. டேங்கைக் காலி செய்துவிட்டு மெல்லிய டியூபைக் கழற்றினேன், உள்ளே எண்ணெயும் கரியும் கெட்டியாக அடைத்திருந்தது, ஊதினால் காற்றே போகவில்லை. சுத்தம் செய்து, அதே அளவு, அதே வோல்ட் கண்டென்சர் மாற்றிப் போட்டேன். இப்போது ஸ்விட்ச் போட்டதும் கிளம்புகிறது, நிரம்பி நிற்கும்போது ‘புஸ்’ வருகிறது, டேங்கில் காற்று இருக்கும்போதே தானாகத் திரும்பவும் கிளம்பிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணன்மாரே.

வைண்டர்:
நல்லது தம்பி. ஒரு சத்தத்தை மட்டும் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். மோட்டார் வேகம் எடுக்கும்போது சுமார் முக்கால் வேகத்தில் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் விலகும், ஆஃப் செய்து வேகம் குறையும்போது ‘டக்’ என்று திரும்ப ஒட்டும். அந்த ‘டக்’ கேட்காவிட்டால் பின்மூடியைத் திறந்து பாயின்ட்டைப் பாருங்கள், இவ்வளவு நாள் திணறியதில் கருகியிருக்கலாம். ஒட்டிக்கொண்டு விலகாமல் இருந்தால் புதுக் கண்டென்சர் வெடித்துவிடும்.

கேட்டவர்:
‘டக்’ தெளிவாகக் கேட்கிறது அண்ணா. அந்த டியூபில் கரி சேர்ந்தது எதனால்?

ஃபிட்டர்:
பம்பிலிருந்து எண்ணெய் மேலேறி, ஹெட் சூட்டில் கருகுகிறது. எண்ணெய் அளவு கண்ணாடியில் நடுப்புள்ளிக்கு மேலே இருந்தால் குறையுங்கள், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் டேங்கை வடிக்கும்போது தண்ணீரோடு எண்ணெய் நிறைய வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அப்போது ஹெட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.