கல்யாணராமன் பார்த்த பர்மாத் தமிழர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பொட்டத்தவுங் தம்பி:
பேய்க் காமெடி என்றாலே எல்லாரும் முனி, காஞ்சனா, அரண்மனை என்று பட்டியல் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். 1979இல் கமல் நடித்து வந்த கல்யாணராமனை ஒருத்தர்கூடச் சொல்வதில்லை. எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது. கதையை நான் சொல்லப் போவதில்லை. பல் துருத்திய கல்யாணம், எஸ்டேட், கொலை, மெட்ராஸில் இருக்கும் இரட்டைப் பிறவி ராமன், எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு ராத்திரி நடந்தது மட்டும்தான்.

எங்கள் தெருவில் கப்பல் வேலையில் இருந்த ஒருவர் வீடியோ கேசட் ஓட்டும் டெக் வாங்கி வந்திருந்தார். மாடியில் பாயை விரித்து, ஆளுக்கு இத்தனை சாட் (பர்மாக் காசு) என்று வாங்கிக்கொண்டு படம் போடுவார். பக்கத்து வீட்டில் ஒரு பர்மாக்கார அம்மா. அவர் நாட்கடோ, அதாவது நாட் என்கிற பர்மாத் தெய்வங்கள் இறங்கி ஆடுபவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. என் அம்மாவோடு பழக்கம், அதனால் வந்து உட்காருவார். கல்யாணத்தின் ஆவி ராமன் உடம்புக்குள் நுழைந்ததும் கமலின் பார்வையும் நடையும் மாறுமே, அந்த இடத்தில் இந்த அம்மா சட்டென்று எழுந்து முட்டிபோட்டுக் கைகூப்பிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

அப்புறம் டெக்காரரிடம், "அந்த இடத்தை இன்னொரு தடவை போடு" என்றார். யார் கெஞ்சினாலும் ரீவைண்ட் செய்யாத மனுஷன் அவர், மறுபேச்சில்லாமல் போட்டார். அந்த அம்மா திரைக்குக் கிட்டே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்த ஆள் நிஜமாகவே சாமி இறங்கினவங்க யாரையோ பக்கத்திலிருந்து பார்த்திருக்கார்" என்று அம்மாவிடம் பர்மீஸில் சொன்னார்.

ஏன் அவருக்கு அந்தக் கதை அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது என்று பெரியவனான பிறகுதான் விளங்கியது. இங்கே வணங்கும் 37 நாட் தெய்வங்களில் பெரும்பாலோர் அகாலமாய்ச் செத்தவர்கள், கொல்லப்பட்டவர்கள். மண்டலே பக்கம் தவுங்பியோனில் ஆகஸ்ட் மாதம் திருவிழா நடக்கிறதே, அதுவே அண்ணன் தம்பி இரண்டு பேருக்குத்தான். பகோடா என்கிற புத்தர் கோயில் கட்டும்போது ஆளுக்கு ஒரு செங்கல் வைக்கவில்லை என்று அனவ்ரஹ்தா ராஜா அவர்களைக் கொல்லச் சொன்னதாகக் கதை. அநியாயமாய்ச் செத்தவன் திரும்பி வந்து இன்னொருத்தர் உடம்பில் ஏறிப் பேசுவது அந்த அம்மாவுக்குத் தினப்படி வேலை. கமல் நடிப்புக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் யார் கொடுத்திருப்பார்கள்?

உங்களுக்கும் இந்தப் படத்தோடு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தட்டோன் வாத்தியார்:
தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கல்யாணராமனைக் காமெடி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் பாதியில் சிரிப்பு இருக்கிறது, சரி. கொலை விழுந்த பிறகு அது பழிவாங்கும் படம். சிரிக்கச் சிரிக்க ஒரு அமானுஷ்யப் படம் வேண்டும் என்றால் 1967இல் வந்த பட்டணத்தில் பூதம்தான். ஜெய்சங்கர், நாகேஷ், ஜாடிக்குள் அடைபட்ட பூதமாக ஜாவர் சீதாராமன். ஜீ பூம் பா என்று சொல்லிக்கொண்டு நாங்கள் தெருவில் ஓடாத நாள் இல்லை. வியாசர்பாடியில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில், பர்மாவிலிருந்து போய் அங்கே குடியேறின சனம் மொத்தமும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தச் சிவகாமி மகனிடம் பாட்டு வந்ததும் சித்தப்பா எல்லாரையும் அதட்டி அடக்கினார். கண்ணதாசன் காமராஜருக்கு விட்ட தூது அந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டு, பாட்டு முடிகிற வரை யாரையும் மூச்சுவிட விடவில்லை.

தமு எல்லை:
பூதம் வேறு, பேய் வேறு வாத்தியாரே. பூதத்துக்குச் சாவே கிடையாது, அப்புறம் அது எப்படிப் பேய்க் கணக்கில் வரும்? என் அனுபவம் சின்னது. எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் இருக்கும் மோரேயிலிருந்து இந்தப் பக்கம் வரும் கேசட்டில் பெயர் ஒன்று இருக்கும், உள்ளே படம் வேறாக இருக்கும். ஒருநாள் ஏதோ சாமிப் படம் என்று நம்பி வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் குளித்து விபூதி பூசி உட்கார்ந்தார்கள். போட்டால் கமல் பல்லோடு வருகிறார். யாரும் எழுந்திருக்கவில்லை. முழுப் படமும் விபூதியோடேயே பார்த்தார்கள். அதுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்த முதல் கமல் படம்.

மோல்மேன் அக்கா:
வாத்தியார் ஐயா, காமெடி இல்லை என்று நீங்கள் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. பேய் ஆனபிறகும் கல்யாணம் அதே வெள்ளந்திதான். செத்தும் சூது வாது வரவில்லை அவனுக்கு. சிரிப்பும் அங்கேதான் இருக்கிறது, அழுகையும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பாட்டிக்குச் சினிமா ஆகாது. பேய்ப் படம் என்றால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். கல்யாணராமன் ஓடிக்கொண்டிருந்தபோது வெற்றிலை இடிக்கிற உரலோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். ஆவி கூடப்பிறந்தவனைத் தேடி வருகிற கட்டத்தில் இடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பாட்டி உள்ளே வந்து எங்கள் பின்னால் நிற்கிறார். "செத்தவன் வீடு தேடி வந்து நடந்ததைச் சொல்றான் பாருடி. சொல்லிட்டுப் போறதுக்கும் கொடுத்து வைக்கணும்" என்றார்.

பாட்டியின் தம்பி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்திருந்த காலத்தில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருவர். தன்புசயாட் எங்கள் ஊருக்குத் தெற்கேதான் இருக்கிறது. அங்கிருந்து சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் எத்தனை தமிழர்கள் விழுந்தார்கள் என்று இங்கே பழைய குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர் எங்கே, எப்படிச் செத்தார் என்று ஒரு சேதியும் வீடு வந்து சேரவில்லை. அதனால் பாட்டிக்கு அந்தப் படத்தில் பேயே தெரியவில்லை. சேதி கொண்டுவந்த பிள்ளைதான் தெரிந்தான். அதன்பிறகு எங்கள் வீட்டில் யார் கேசட் எடுக்கப் போனாலும், "அந்தப் பல்லுப் பிள்ளை படம் கெடைச்சா எடுத்தா" என்பார்.

1985இல் வந்த இரண்டாவது பாகத்தை மாமா ஆசையாகக் கொண்டுவந்தார். எஸ்.பி. முத்துராமன் எடுத்தது, சுகுபா கண்காட்சியெல்லாம் காட்டுவார்களே, அது. ஜப்பானில் கல்யாணராமன் என்று மாமா பெயரைப் படித்தார். பாட்டி உரலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்கும் பார்க்க மனம் வரவில்லை. இன்றுவரை நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

இன்செயின் அண்ணன்:
அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. என்னிடம் அப்பா வைத்திருந்த கல்யாணராமன் கேசட் இன்னும் இருக்கிறது. காதல் தீபம் ஒன்று பாட்டில் எஸ்.பி.பி. குரல் கொஞ்சம் அலைகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது.

உங்களில் யாரிடமாவது பழைய கேசட் இருந்தால் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். ஆசை தாங்காமல் எடுத்து அப்படியே டெக்கில் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் மழை மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரைக்கும் விடுவதில்லை, அந்த ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாய்ப் பொடியோ நூலாம்படையோ தெரிந்தால் அதுதான். அதை ஓடவிட்டால் நாடாவும் போகும், டெக்கின் ஹெட்டும் அடைத்துக்கொள்ளும், அதே டெக்கில் அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். இப்படிக் கெட்டதைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்கவே கூடாது, நாடா நெளிந்துவிடும். நல்ல கேசட்டாக இருந்தால் முழுவதும் ஓட்டி, திரும்பச் சுற்றி, புத்தகம் அடுக்குகிற மாதிரி நிறுத்தி வையுங்கள். டப்பாவுக்குள் செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா பொட்டலம், அதில் இரண்டு போடுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் இருக்கிறது. முக்கியமாக, சீக்கிரம் கணினியில் ஏற்றிவிடுங்கள். டெக் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பான் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. இனிமேல் ஓடுகிற டெக் கிடைப்பதே பெரும்பாடு. ஏற்றும்போது கரண்ட் போய்ப் போய் வந்தால் பாதியில் கெட்டுப்போகும், அதனால் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் வைத்துச் செய்யுங்கள்.

தட்டோன் வாத்தியார்:
அக்கா, பாட்டி சொன்னதற்கு முன்னால் என்னால் வாதாட முடியாது. ஆனாலும் இந்தப் படம் கவனிக்கப்படாத படம் என்று தம்பி சொல்வதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நன்றாகத்தானே ஓடியது? கமல், ஸ்ரீதேவி, இளையராஜா மூன்று பேரும் இருக்கிற படத்தைப் பார்த்துப் பாவம் என்று எப்படிச் சொல்வது?

பொட்டத்தவுங் தம்பி:
ஐயா, ஓடியது வேறு, பேசப்படுவது வேறு. கமலின் இரட்டை வேடம் என்று பேச்செடுத்தால் எல்லாரும் நேராக 1989க்குப் போய் அபூர்வ சகோதரர்களில் உட்கார்ந்துவிடுகிறார்கள். போகட்டும், அது பெரிய படம். ஆனால் அதற்குக் கதை கொடுத்தவரும் கல்யாணராமனை எழுதின அதே பஞ்சு அருணாசலம்தான். பிரிந்து வளர்ந்த இரட்டைப் பிள்ளைகள், ஒருவனுக்கு உடம்பில் ஒரு குறை, குடும்பத்துக்கு நடந்த அநியாயத்துக்குப் பழி. பத்து வருஷம் முன்பே இதே ஆள் இதே விதையைப் போட்டிருக்கிறார். டைரக்டர் ஜி.என். ரங்கராஜன் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பிறகு வந்த பேய்ப் படங்களில் முதலில் பேயைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள், கடைசியில்தான் அது நல்ல பேய், அதற்கும் ஒரு கதை இருக்கிறது என்கிறார்கள். கல்யாணராமனில் அந்தப் பிள்ளையை உயிரோடு பார்த்து, சிரித்து, பழகி முடித்த பிறகுதான் அவன் பேயாக வருகிறான். அதனால் அவன் வரும்போது பயம் வருவதில்லை, வந்துவிட்டானே என்று சந்தோஷமாக இருக்கிறது. அந்த வரிசையை மாற்றிப் போட்டதுதான் பின்னால் வந்தவர்கள் செய்த கெடுதல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்செயின் அண்ணே, கேசட்டைக் கணினியில் ஏற்ற என் மச்சான் கடையில் வசதி இருக்கிறது, இன்வெர்ட்டரும் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் கொண்டு வாருங்கள். அக்கா, உங்களுக்கு ஒரு பிரதி மோல்மேன் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

தமு எல்லை:
எனக்கும் ஒன்று. மேலே சாமிப் படம் என்று எழுதாமல் சரியான பெயர் எழுதி அனுப்புங்கள்.