மலேரியா வந்த வீடுகள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

விளக்கடி:
கூரை மாற்றிய கதைகளைப் பலர் எழுதிவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மகனுக்கு இரண்டாம் முறையாக விவாக்ஸ் வகை மலேரியா உறுதியான இரவில், வாசலில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல்களில் நான் பார்த்துப் பார்த்து அடித்த வலை அப்படியே இருந்தது. ஆனால் சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில், நான்கு புறமும் ஒரு சாண் உயரத்துக்கு உள்விளக்கின் வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் மூச்சுக்காற்று வெளியேறுவதும், அந்த வாடையைப் பிடித்து வரும் கொசு சுவரில் முட்டி மேலெழும்பி உள்ளே நுழைவதும் அதே வழியாகத்தான் என்பது பிறகே தெரிந்தது.

மொட்டைமாடி:
இறவாணத்தை, அதாவது சுவருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள அந்தத் திறப்பை, மட்டும் குற்றவாளியாக்குவதை நான் ஏற்கமாட்டேன். இடுக்கே இல்லாத கான்கிரீட் வீட்டில் இருந்த எனக்கும் மலேரியா வந்தது. சுகாதார ஆய்வாளர் மாடித் தொட்டியின் உடைந்த மூடியைத் தூக்கி டார்ச் அடித்தபோது, கொசுப்புழுக்கள் நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன. க்யூலெக்ஸ் வகைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும் என்றும், இப்படிப் படுத்திருப்பது மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் என்றும் அவர் சொன்னார். அந்தத் தண்ணீரில்தான் அன்று காலை பல் துலக்கியிருந்தேன்.

கரணை:
கொத்துவேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஒரு வீட்டின் இறவாணத்தை முழுவதும் கலவை வைத்து அடைத்துக் கொடுத்தேன். மறு மாதம் போனபோது, புழுக்கம் தாளாமல் குடும்பமே முற்றத்தில் வலையில்லாமல் படுத்திருந்தது. இடைவெளியை அடைக்காதீர்கள், வலையால் மூடுங்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஸ்பிரிங் பொருத்துங்கள், கதவின் அடியிலுள்ள இடுக்கையும் விடாதீர்கள். இது புதிய யோசனை அல்ல: 1900இல் ரோம் நகருக்கு அருகே, மலேரியா மிகுந்த சதுப்புப் பகுதியில், வலையடித்த குடிலில் இரவுகளைக் கழித்த மருத்துவர்கள் நோயின்றித் திரும்பினார்கள். ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் நடந்து 2009இல் வெளியான சோதனையில், கதவு, ஜன்னல், இறவாணம் மூன்றையும் காத்த வீடுகளில் கொசுவரத்து பாதிக்கும் கீழே போனது. குழந்தைகளின் ரத்தசோகையும் குறைந்தது. அதே நாட்டில் பின்னர் நடந்து 2021இல் வெளியான இன்னொரு சோதனையிலோ, எல்லோருக்கும் மருந்திட்ட கொசுவலை கொடுத்திருந்த நிலையில், ஓலையை மாற்றித் தகரக் கூரை போட்டு வலையடித்த வீடுகளில் குழந்தைகளுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. ஆகவே மொட்டைமாடி சொல்வதிலும் நியாயம் உண்டு; ஆனால் தொட்டிக்கு மூடி போட்டுவிட்டு இறவாணத்தைத் திறந்து வைப்பதும் வேலைக்காகாது.

ரத்தப்படலம்:
ஆய்வகத்தில் ரத்தம் தடவிய கண்ணாடித் தகடு பார்ப்பவள் நான். விளக்கடி அவர்களே, விவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, புதிய கொசுக்கடி இல்லாமலே காய்ச்சலாக எழக்கூடும். இரண்டாம் காய்ச்சலுக்கு வீடு பொறுப்பாக இல்லாமலும் இருக்கலாம். முதல் முறை, அந்த உறங்கும் கிருமியை அழிக்கும் பிரைமாகுவின் மாத்திரையை முழுவதும் கொடுத்தீர்களா?

விளக்கடி:
பதினான்கு நாளைக்குத் தந்தார்கள். காய்ச்சல் விட்டதும் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டோம். மீதி மாத்திரைகள் அந்தக் கூரையடியில், சுவரின் மேல்விளிம்பில்தான் இருந்தன.