‘ரைஸ்’ அரிசியின் மகளா?

பொருநையான்:
ஆங்கில ‘ரைஸ்’ என்னும் சொல்லைப் பழைய பிரெஞ்சின் ‘ரிஸ்’, இத்தாலியத்தின் ‘ரிசோ’, இலத்தீன் என்று பின்தொடர்ந்து போனால் அது கிரேக்க ‘ஒருசா’வில் போய் நிற்கிறது. அந்த ‘ஒருசா’வுக்கு மூலம் நம் ‘அரிசி’யே என்று கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் எழுதியிருந்தும், இன்றைய அகராதிகள் அதை ஏற்கத் தயங்குவது ஏன்?

வேர்தேடி:
தயக்கத்துக்குக் காரணம் முதலெழுத்து, ஐயா. கிரேக்கரிடம் அகரம் இருந்தது. ‘அரிசி’ என்று கேட்டிருந்தால் அகரத்தாலேயே எழுதியிருப்பார்கள். வகர ஒலியோ அவர்களுடைய ஏதென்ஸ் வழக்கில் மறைந்துவிட்டதால், அயற்சொல்லின் வகரத்தை ஒகரத்தால் குறிக்க நேர்ந்தது. வகரத்தில் தொடங்கும் வடிவங்களும் உண்டு: ஆப்கானிஸ்தானின் பஷ்தூ மொழியில் அரிசி ‘வ்ரிஜே’. வடமொழியில் நெல் ‘வ்ரீஹி’. கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃபிராஸ்டஸ் இந்திய நெல்லை வருணித்தது அலெக்சாந்தரின் படையெடுப்பு (கி.மு. 327–325) கொண்டுவந்த செய்திகளைக் கொண்டுதான், அப்படை வந்த வழி ஆப்கானிஸ்தானத்துப் பக்கமுள்ள பாக்திரியா, மதுரையன்று.

பொருநையான்:
கடல்வழியை மறந்துவிட்டீர்கள். செங்கடல் வணிகத்தை விவரிக்கும் ‘பெரிப்ளஸ்’, தமிழகத்தின் மேலைக்கரையான லிமிரிகேயிலிருந்து வந்த வணிகர் அரபிக்கடலின் சொகோத்ரா தீவில் அரிசி விற்றதைச் சொல்கிறதே.

வேர்தேடி:
அந்நூல் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. சொல்லோ அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் குடியேறிவிட்டது.

நன்செய்:
இருவரும் ‘வ்ரீஹி’யின் பிறப்பை விசாரிக்காமல் விட்டுவிட்டீர்கள். ரிக் வேதத்தில் இல்லாமல் அதர்வ வேதத்தில்தான் தலைகாட்டும் அச்சொல்லுக்கு, அதே மொழிக்குடும்பத்தின் ஐரோப்பியக் கிளைமொழிகளில் உறவுச்சொல் கிடையாது. தெலுங்கில் நெல்லுக்கு ‘வரி’ என்று இன்றும் பெயர். ஆகவே ‘வரிஞ்சி’ போன்ற ஒரு மூலத் திராவிட வடிவத்தை அறிஞர் முன்மொழிந்துள்ளனர். அதிலிருந்து ஒன்று வடமேற்கே போய் ‘ஒருசா’வாகவும், மற்றொன்று வகரம் இழந்து ‘அரிசி’யாகவும் ஆகியிருந்தால் இவை தாயும் மகளும் அல்ல, ஒன்றுவிட்ட சகோதரிகள்.

நேரடிச் சான்று வேண்டுமானால், இஞ்சியைக் குறிக்கும் ‘ஜிஞ்சர்’ இதைவிட உறுதியானது. கிரேக்க ‘சிங்கிபெரிஸ்’, பாலி ‘சிங்கிவேர’ ஆகியவற்றின் ஈற்றில் நம் ‘வேர்’ அப்படியே நிற்கிறது. வடமொழியாளர் அதைச் ‘சிருங்கவேர’ என்றாக்கி, கொம்பு போன்ற உடலுடையது என்று பொருள் சொல்லிக்கொண்டது தனி வேடிக்கை.

வேர்தேடி:
இஞ்சியில் எனக்கு மறுப்பே இல்லை. ‘வரிஞ்சி’ மட்டும் எந்தக் கல்வெட்டிலும் இல்லாத, ஒப்பீட்டால் மீட்டெடுத்த வடிவம். அகராதியில் அதை ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு சேர்த்தால் ஒப்புவேன், கால்டுவெல்லின் நேர்க்கோட்டை ஒப்பமாட்டேன்.

பொருநையான்:
நேர்க்கோட்டை விட்டுவிடுகிறேன். அந்த ‘இருக்கலாம்’ இப்போதுள்ள பல அகராதிகளில் ஏன் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை என்பதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.