வண்ணாத்திக்குருவி கூடு: கொழும்பு வளவுகளில் கண்டவை

வெள்ளவத்தை வாசி:
வண்ணாத்திக்குருவியில் (குண்டுகரிச்சான்) ஆண் எது, பெண் எது என்று இந்தியப் படப்புத்தகத்தை வைத்துப் பிரித்தால் இங்கே பிழைக்கும். வட இந்தியாவில் பெண் குருவி தெளிவான சாம்பல். இலங்கை இனத்தில் பெண்ணின் முதுகும் ஆணைப் போலவே கறுத்திருக்கும். நெஞ்சைப் பாருங்கள்: ஆணுக்கு மினுங்கும் கறுப்பு, பெண்ணுக்கு ஈயச் சாம்பல். செய்யும் வேலையைப் பார்த்தால் இன்னும் சுலபம். விடியமுன் அன்ரெனா நுனியில் நின்று விடாமல் பாடுவது ஆண். அலகில் காய்ந்த புல்லோடு சுவர் ஓட்டைக்குள் நுழைவது பெண். சோடி தேடும் நாட்களில் ஆண் உடம்பை உப்பி, அலகை மேலே நிமிர்த்தி, வாலை விசிறியாக விரித்து மதிலில் நடக்கும். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசி:
அந்த நாட்களில் கார்க் கண்ணாடியைக் கொத்துவதும் ஆண்தான். தன் நிழலைப் போட்டியாளன் என்று நினைக்கிறது. கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டிவிடுங்கள், விரட்ட வேண்டாம்.
கூட்டுக்குள் எட்டிப்பார்க்காமலே நிலைமை தெரியும். புல், நார் கொண்டுபோனால் கட்டுகிறது; முட்டைக்கு இன்னும் ஒரு கிழமையளவு இருக்கிறது. பிறகு நாளுக்கு ஒன்றாக, நீலப்பச்சையில் கபிலப் புள்ளியிட்ட முட்டைகள். அடைகாப்பது பெண் மட்டும், 8 முதல் 14 நாள். புழு, வெட்டுக்கிளியோடு போனால் குஞ்சு பொரித்துவிட்டது. வெளியே வரும்போது அலகில் வெள்ளைப் பொட்டலம் போல ஒன்று இருந்தால் அது குஞ்சின் எச்சம். கூட்டைத் துப்புரவாக வைக்கத் தூரக் கொண்டுபோய்ப் போடும்.
ஏசிக் குழாய் ஓட்டையையோ மீற்றர் பெட்டியையோ அடைப்பதானால் புல் வரும் முன்பே அடையுங்கள். பிறகு அடைத்தால் உள்ளே உயிர் போகும்.

தெஹிவளை வாசி:
குருவி கூடு கட்டப் பெட்டி வைப்பவர்களுக்கு. அடித்தளம் 15 × 15 சென்ரிமீற்றர், உயரம் 25. குருவி நுழையும் வாய் 5 போதும். 7, 8 என்று பெருத்தால் மைனா பிடித்துக்கொள்ளும், காகமும் தலையை விடும். வாயிலிருந்து அடித்தளத்துக்கு 15 ஆழம் இல்லாவிட்டால் பூனையின் கை எட்டும். வாய்க்குக் கீழே குச்சி செருகவே வேண்டாம், அது செண்பகத்துக்குப் படி. உள்பக்கப் பலகையைச் சீவாமல் சொரசொரப்பாக விடுங்கள், குஞ்சு பற்றி ஏற வேண்டும். பிளைவூட் ஒரு மழைக்காலத்திலேயே உப்பிப் பிரியும்.
ஆள் உயரத்துக்கு மேல், 2 முதல் 3 மீற்றரில் பூட்டுங்கள். பெட்டிகள் வீணாவது பெரும்பாலும் தண்ணீரால்தான். மே மாத மழை தென்மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், ஆகவே வாய் கிழக்கையோ வடகிழக்கையோ பார்க்கட்டும். கூரை முன்னால் 5 சென்ரிமீற்றர் நீட்டி, பெட்டியின் அடியில் நான்கு சிறு துளை போடுங்கள்.

வெள்ளவத்தை வாசி:
கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குப் பக்கத்திலும் பூட்ட வேண்டாம். அடைத்த பீலி வழிந்தால் நேரே பெட்டிக்குள்தான் விழும்.

பம்பலப்பிட்டி வாசி:
நெஞ்சில் செதில் செதிலாகக் கபில நிறம், கட்டை வால், நிலத்தில் தத்துகிறது என்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. பாணும் பாலும் கொடுக்காதீர்கள். பூனையை உள்ளே அடைத்துவிட்டு, குஞ்சை அருகிலுள்ள செடியின் மறைவான கிளையில் வைத்து விலகுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது பிழை. பக்கத்தில் நாம் நின்றால்தான் இரையோடு வரத் தயங்கும். இறகே முளைக்காத குஞ்சென்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். நுளம்புக்குப் புகை அடிக்கும் நாளில், முடிந்தால், கூடிருக்கும் மூலையைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.