கை இழுக்கக் கூடாது: இகாவில் பின்னிய கைக்கயிறு

குமிஹிமோ, அதாவது ஜப்பானியக் கயிறு பின்னும் கலை, அதில் எனக்கு நடந்த ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். ஜப்பானில் உள்ள நகோயாவுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம் அது. அதற்கு முன்னால் ஸ்பாஞ்ச் தட்டில்தான் கைக்கயிறு பின்னிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் 32 வெட்டு இருக்குமே, அந்த வட்டத் தட்டு. அதில் பத்துப் பன்னிரண்டு கயிறு முடித்த தைரியத்தில், மியே மாகாணத்து இகாவுக்கு ரயில் ஏறினேன். நிஞ்ஜாக்களின் ஊர் என்பதால் அங்கே ரயில் முகப்பில்கூட நிஞ்ஜா கண்கள் வரைந்திருக்கும். எனக்கு வேண்டியது கயிறுதான்.

சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. நூல் சுற்றிக்கொண்டே கதை சொன்னார். 1876-ல் பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை வந்தது. வாளுக்குக் கயிறு பின்னியவர்களின் பிழைப்பு போனது. அவர்களைத் தாங்கிப் பிடித்தது ஒபிஜிமே, அதாவது கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு மேல் கட்டும் கயிறு. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், வளர்ந்த இந்த வித்தை இகாவுக்கு வந்தது 1902-ல்தானாம்.

அப்புறம் மருடாய் முன்னால் உட்காரவைத்தார். நான்கு கால் வைத்த வட்ட மர ஸ்டூல் மாதிரி இருக்கும், நடுவில் ஓட்டை. எட்டு நூலும் எட்டு மர உருளைகளில் சுற்றி விளிம்பில் தொங்கும். அந்த உருளைக்குப் பெயர் தமா. உள்ளே ஈயம் இருப்பதால் கைக்குக் கனமாக இருக்கும். பின்னல் ஓட்டை வழியாகக் கீழே இறங்கும், அதன் நுனியில் ஒரு எடைப்பை.

கொங்கோ குமி எனக்குத் தெரிந்த பின்னல். கீழே இடது நூல் மேலே, மேலே வலது நூல் கீழே, கால் சுற்றுத் திரும்பி மறுபடி. ஆனால் சடையை இழுத்து இறுக்கிப் பின்னியே பழகிய கை. ஒவ்வொரு முறையும் நூலைச் சுண்டி இழுத்தேன். நாலு விரல் நீளம் வந்ததும் பாட்டி கீழே கைவிட்டு, பின்னலைக் கட்டைவிரலால் மெதுவாக வருடினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்கே கை இழுத்திருக்கிறது" என்றார். குனிந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நானே தொட்டுப் பார்த்தபோதுதான் அரிசி அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது.

அதுவரை பிரித்தோம். பின்னிய வரிசையிலேயே பின்னோக்கிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிடுக்காகிவிடும். பின்னியதைவிடப் பிரிக்க நேரமானது.

இறுக்குவது எடையின் வேலை, கை நூலை இடம் மாற்றினால் போதும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எட்டுத் தமாவின் மொத்த எடையில் ஏறக்குறைய பாதி கீழே தொங்க வேண்டும். அதைக் கூட்டினால் கயிறு தளர்ந்து துவளும், குறைத்தால் விறைக்கும். நான் தலைகீழாக நினைத்திருந்தேன். கை விட்டுக்கொடுத்த பிறகு தமாக்கள் ஒன்றோடொன்று மோதும் 'டொக் டொக்' சத்தம் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. அந்த அரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது? மனசு அவ்வளவு அமைதியாக இருந்தது.

இப்போது வீட்டில் தட்டில் பின்னும்போதும் சின்னத் துணிப்பையில் பத்து யென் நாணயம் இருபது போட்டுப் பின்னலின் நுனியில் தொங்கவிடுகிறேன், சுமார் 90 கிராம். கயிறு முழுக்க ஒரே சீராக வருகிறது. தட்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். இன்னொன்று, நடுவில் எழுந்து போக வேண்டுமென்றால் ஒரு பக்கம் மூன்று நூல் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தகடாய் என்ற பெரிய மரச் சட்டத்தில் பின்னியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதில் உள்ளே உட்கார்ந்து, கத்தி போன்ற பட்டையால் நூலை அடித்து இறுக்குவார்கள். நான் பின்னி முடிக்கும்வரை பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த முறை அதில்தான் உட்காரப் போகிறேன்.