மாதா மாதம் மாறும் பெற்றோல் விலை: ஓட்டுநருக்கு நன்மையா, சுமையா?

கல்லடி ஆட்டோ
நான் கல்லடியில் 11 ஆண்டுகளாக ஆட்டோ ஓட்டுகிறேன். உலகச் சந்தை விலையையும் டொலரின் பெறுமதியையும் வைத்து எரிபொருள் விலையைக் கணக்கிடும், 2022 இல் இலங்கையில் மீண்டும் நடைமுறைக்கு வந்த விலைச் சூத்திரத்தின்படி ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எரிபொருள் விலை திருத்தப்படுகிறது. ஆனால் எங்கள் கூலி அப்படித் திருத்தப்படுவதில்லை. பஸ் நிலையத்திலிருந்து நாவற்குடாவுக்கு வழக்கமாக வரும் ஒருவரிடம், லீற்றருக்குப் பத்து ரூபாய் கூடிவிட்டது என்று சொல்லி அதிகம் கேட்க எனக்கு வாய் வராது. விலை குறைந்த மறுநாளோ அவரே குறைத்துத் தரச் சொல்வார். அதில் அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. விலையை மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். உலகச் சந்தையில் விலை இறங்கும் காலத்தில் மிஞ்சும் பணத்தை ஒரு நிதியத்தில் சேர்த்து, ஏறும் காலத்தில் அதிலிருந்து ஈடு செய்யலாம் என்பது என் கோரிக்கை.

சம்மாந்துறை வயல்
தம்பி, உங்கள் கஷ்டம் எனக்கு விளங்குகிறது, ஆனால் நீங்கள் கேட்கும் மருந்து ஏற்கெனவே கொடுத்துப் பார்த்த மருந்து. 2020 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்தபோது உள்நாட்டு விலையைக் குறைக்காமல், மிச்சப்படும் பணத்துக்கு விலை உறுதிப்படுத்தும் நிதியம் ஒன்று அமைக்கப்படும் என்றார்கள். மறு ஆண்டு ஜூன் மாதமே 92 ஒக்டேன் பெற்றோல் 137 ரூபாயிலிருந்து 157 ஆகிவிட்டது. அந்த நிதியம் யாரைக் காப்பாற்றியது?

பிறகு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த அதே பெற்றோல் 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூனில் 470 என்று ஏறியது. உலக விலை கூடியது உண்மைதான், ஆனால் அதே சில மாதங்களில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் போனது. விலையையும் டொலரையும் பிடித்து வைத்திருந்த காலத்தின் கணக்கு ஒரேயடியாக எங்கள் தலையில் இறங்கியது. அந்தச் சிறுபோகத்தில் என் வயலில் நெல் முற்றி உதிரத் தொடங்கியிருக்க, வெட்டு மெசின் டீசல் இல்லாமல் வரம்போரத்தில் நின்றது. மூன்று இரவு வரிசையில் கிடந்தும் பாதி பரலுக்குத்தான் டீசல் கிடைத்தது. மாதம் பத்து ரூபாய் ஏறி இறங்குவதை நான் தாங்குவேன். எரிபொருள் செட்டில் ‘டீசல் இல்லை’ என்ற பலகையைத் தாங்க மாட்டேன்.

கல்லடி ஆட்டோ
காக்கா, வரிசையை நானும் மறக்கவில்லை. வரிசை நகரும்போது யாரும் இயந்திரத்தை இயக்க மாட்டோம். இருக்கிற சொட்டும் தீர்ந்துவிடக் கூடாதென்று கையாலேயே தள்ளுவோம். எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் அட்டை வந்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான். அது நான் ஒரு நாளில் ஓடும் அளவு.

ஆனால் இந்த மாதாந்த முறையும் தட்டுப்பாட்டை உண்டாக்குகிறது. விலை குறையும் என்று தெரிந்தால் செட்காரர் கடைசி இரண்டு நாளும் எரிபொருள் பவுசர் எடுக்கத் தயங்குகிறார். 13,200 லீற்றர் பவுசரை இறக்கிய மறுநாள் பத்து ரூபாய் குறைந்தால் அவருக்கு 132,000 ரூபாய் நட்டம் என்பதால் அவரையும் குறை சொல்ல முடியாது. விலை கூடும் என்ற பேச்சு வந்தாலோ நாங்கள் எல்லோரும் போய் வரிசையில் நிற்கிறோம். ஒரு வாரத்துக்கு முன்பே விலையை அறிவித்தால் என்ன?

வாழைச்சேனைத் தோணி
அறிவித்தால் அந்த ஒரு வாரமும் இதே கூத்துத்தான் நடக்கும், தம்பி. இரண்டு நாள் தட்டுப்பாடு ஏழு நாள் தட்டுப்பாடாகும்.

பிடித்து வைத்த விலை எப்படி அவிழும் என்பதை எங்களிடம் கேளுங்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. அதுவரை மலிவாக இருந்ததை நம்பித்தான் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு தோணிகள் கடலுக்குப் போய்வந்தன. கரையில் மீனுக்கு விலை வைப்பது வியாபாரி. எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று சொன்னால் அவர் கூட்டித் தரமாட்டார். ஆனாலும் சம்மாந்துறைக் காக்கா சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. சூத்திரம் விலையைச் சொல்கிறதே தவிர, தாங்க முடியாதவனுக்கு என்ன செய்வது என்று சொல்வதில்லை. கடற்றொழிலுக்கும் வேளாண்மைக்கும் நேரடி மானியம் தனியாக வேண்டும்.

பொத்துவில் வேன்
திருகோணமலை சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றில் 61 தாங்கிகளை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் இந்திய நிறுவனம் 49 வீதமுமாகக் கூட்டாக அபிவிருத்தி செய்ய ஒப்பந்தம் செய்தார்கள். அவற்றைச் செப்பனிட்டு நிரப்பி வைத்திருந்தால், கிழக்கு மாகாணமாவது கொழும்பிலிருந்து பவுசர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. விலையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இருப்பைப் பற்றிப் பேசுவது குறைவு.

சம்மாந்துறை வயல்
தாங்கி இருப்பது நல்லதுதான், தம்பி, ஆனால் அந்த ஆண்டு எண்ணெய்க் கப்பல்களே பணம் கட்டப்படாமல் கடலில் காத்து நின்றன. டொலர் இல்லாத நாட்டில் தாங்கியை எதைக் கொண்டு நிரப்புவது?

கல்லடித் தம்பிக்கு ஒரு கணக்கு. ஒரு லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் உயர்வு என்பது கிலோமீற்றருக்கு 40 சதம். அதற்காக முழு நாட்டின் விலை முறையையும் மாற்றலாமா?

கல்லடி ஆட்டோ
கணக்கு சரி, ஆனால் பாதித் தூரம் நான் வெறும் வண்டியோடு திரும்பி வருகிறேன், காக்கா. ஒரு நாளைக்கு 5 லீற்றர் என்றால் 50 ரூபாய், மாதத்தில் 25 நாள் ஓடினால் 1,250 ரூபாய். எங்கள் வீட்டில் அது பிள்ளையின் டியூசன் காசு.

ஒரு வாரத்துக்கு முன் அறிவிப்பது சரிவராது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நிதியத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் விலையோடு கூலியும் ஏறி இறங்கட்டும். லீற்றருக்கு 25 ரூபாய் மாறினால், வெறுமையாகத் திரும்பும் தூரத்தையும் சேர்த்து, கிலோமீற்றருக்கு 2 ரூபாய் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி எங்கள் தரிப்பிடத்தில் தொங்கவிட, மற்ற ஓட்டுநர்களோடு பேசப் போகிறேன். குறையும்போதும் அதையே கடைப்பிடிப்போம் என்று பயணிகளுக்கு எழுதிக் கொடுக்கவும் நான் தயார்.