சைலன்ட் ஷட்டரில் எடுத்த மேடைப் படங்களில் கரும்பட்டைகள்: சென்சார் பழுதா?

கேள்வி

வணக்கம். உள்ளரங்க மேடை நிகழ்ச்சி ஒன்றை, பார்வையாளர்களுக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது என்று முழுவதும் சைலன்ட் ஷட்டரில் எடுத்தேன். ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600, ரா கோப்புகள். கணினியில் பார்க்கும்போது பல படங்களில் ஐந்து கரும்பட்டைகள் சம இடைவெளியில் குறுக்கே ஓடுகின்றன. கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவற்றில் அதே பட்டைகள் செங்குத்தாக இருக்கின்றன. வெயிலில் எடுத்தால் எதுவும் இல்லை. வீட்டில் எல்இடி விளக்கின் கீழ் லென்ஸையும் மெமரி கார்டையும் மாற்றி மாற்றிச் சோதித்தும் பட்டைகள் போகவில்லை. சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா? அதே அரங்கில் விரைவில் இன்னொரு நிகழ்ச்சி எடுக்க வேண்டியிருப்பதால் கவலையாக இருக்கிறது.

மறுமொழி (மேடை நிகழ்ச்சிகளைத் தொழிலாக எடுப்பவர்)

கொடுக்க வேண்டாம், படத்தின் ஒளியைப் பதியும் உங்கள் சென்சார் நலமாக இருக்கிறது. வெயிலில் பட்டை விழவில்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல எல்இடி விளக்குகளும் குழல் விளக்குகளும் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் இது 120 முறை. கண்ணுக்கு இது தெரிவதில்லை. ஆனால் சைலன்ட் ஷட்டர் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர்தான்; அதில் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவதில்லை, வரிவரியாக மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகிறது. விளக்கு மங்கிய கணத்தில் படிக்கப்பட்ட வரிகள் கருமையாகவும், ஒளிர்ந்த கணத்தில் படிக்கப்பட்டவை வெளிச்சமாகவும் பதிகின்றன. சென்சாரின் வரிகள் படத்தின் நீளப் பக்கத்துக்கு இணையாக இருப்பதால்தான் கேமராவைத் திருப்பியபோது பட்டைகளும் திரும்பின.

பட்டைகளை எண்ணியிருக்கிறீர்கள், அது மிகவும் உதவுகிறது. விளக்கின் ஒரு துடிப்புக்கு 10 மில்லிநொடி. ஐந்து பட்டை என்றால் உங்கள் சென்சார் ஒரு படத்தைப் படித்து முடிக்க ஏறத்தாழ 50 மில்லிநொடி, அதாவது 1/20 நொடி, எடுத்துக்கொள்கிறது. மெக்கானிக்கல் ஷட்டரின் திரையோ சுமார் 4 மில்லிநொடியில் சென்சாரைக் கடந்துவிடும். அதற்குள் ஒரு துடிப்புகூட நிறைவடையாது என்பதால் பட்டைகள் உருவாக இடமில்லை. மிஞ்சினால் படத்தின் ஒரு பக்கம் சற்று மங்கலாக இருக்கும்.

ஆகவே முதலில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சத்தமே கூடாத இடத்தில் சைலன்ட் ஷட்டரை வைத்துக்கொண்டு வேகத்தை 1/100 அல்லது 1/50 ஆக்குங்கள். அப்போது ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பின் வெளிச்சமும் கிடைத்துவிடும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/125 அல்லது 1/60.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒத்திகையின்போது சோதித்தேன். மெக்கானிக்கல் ஷட்டரில் பட்டைகள் மறைந்தன. ஆனால் தொடர்ச்சியாக எடுக்கும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டு மஞ்சளாகவும் வருகிறது. 1/100 வைத்தால் ஆடுபவர்களின் கைகள் கலங்கிவிடுகின்றன.

மறுமொழி (முன்னவரே)

இதுவும் அதே துடிப்பின் விளைவுதான். ஒரு படம் துடிப்பின் உச்சியிலும் அடுத்தது பள்ளத்திலும் விழுகிறது. பலவகை விளக்குகள் கலந்திருந்தால், ஒன்று மங்கும்போது மற்றொன்றின் நிறம் மேலோங்குவதால் நிறமும் மாறும். மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் என்றோ ஃபிளிக்கர் ரிடக்ஷன் என்றோ ஒரு வசதி இருக்கும். கேனான் 2014-இல் 7டி மார்க் 2 கேமராவில் கொண்டுவந்த இந்த வசதி இன்று பல நிறுவனங்களின் கேமராக்களிலும் உண்டு. அதை இயக்கினால் விளக்கு உச்சத்தில் ஒளிரும் கணம் வரை காத்திருந்து ஷட்டர் திறக்கும். தொடர்படங்களின் வேகம் சற்றுக் குறையலாம், அந்த இழப்பை நான் தயங்காமல் ஏற்பேன். பெரும்பாலான கேமராக்களில் இது சைலன்ட் ஷட்டரில் இயங்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆடும் காட்சிகளுக்கு இந்த வசதியுடன் 1/500, எஃப்/2, தேவைப்பட்டால் ஐஎஸ்ஓ 3200 வரை போங்கள். படத்தில் ஏறும் புள்ளிகளைக் கணினியில் குறைக்கலாம், கலங்கிய கையைத் திருத்த முடியாது.

மறுமொழி (காணொளி எடுப்பவர்)

ஒன்றைச் சேர்க்கிறேன். மேடையின் வண்ண எல்இடி விளக்குகளும் பின்னணி எல்இடி திரையும் மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றுவதில்லை. ஒளியைக் குறைப்பதற்காக அவை நொடிக்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் முறை அணைந்து எரிகின்றன. அப்போது விழுபவை அகலமான பட்டைகள் அல்ல, நெருக்கமான மெல்லிய கோடுகள். ஆன்டி-ஃபிளிக்கர் வசதி 100, 120 துடிப்புகளைத்தான் கண்டுகொள்ளும், இவற்றை அறியாது. சில கேமராக்களில் ஷட்டர் வேகத்தை மிக நுண்ணிய படிகளில் மாற்றும் வசதி உண்டு. கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே கோடுகள் மறையும் வரை வேகத்தை நகர்த்துங்கள். அது இல்லையெனில் விளக்கு இயக்குபவரிடம் பணிவாகக் கேட்டு, ஒளியின் அளவைக் கூட்டச் சொல்லுங்கள். முழு ஒளிக்கு அருகில் அணைந்திருக்கும் நேரம் சுருங்கிவிடும்.

2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3 போல எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதியும் சென்சாரில் பட்டையே விழாது. ஆயினும் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுவது அதிலும் உண்டு. இந்தச் சிக்கலுக்காக மட்டும் கேமரா மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

முதல் நிகழ்ச்சியின் படங்களைக் காப்பாற்ற வழி உண்டா?

மறுமொழி (மேடை நிகழ்ச்சிகளைத் தொழிலாக எடுப்பவர்)

ஓரளவு உண்டு. முகத்தின் மேல் பட்டை விழாத படங்களை முதலில் பிரித்தெடுங்கள். லைட்ரூம் மென்பொருளில் ஒவ்வொரு பட்டையின் மேலும் மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் திருத்த உதவும் தேர்வு) இட்டு, அதன் ஓரங்களை நன்கு மென்மையாக்கி, எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, சிறிது சிறிதாக உயர்த்துங்கள். நிறம் மாறியிருந்தால் அதே மாஸ்கில் நிற வெப்பநிலையையும் சரிசெய்யுங்கள். பட்டையின் இடம் படத்துக்குப் படம் மாறுவதால் ஒரு படத்தின் திருத்தத்தை அப்படியே மற்றவற்றுக்கு ஒட்ட முடியாது, ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். முகத்தின் நடுவே ஆழமான பட்டை விழுந்த படங்களில் நேரத்தைச் செலவிடாதீர்கள்; அவற்றைக் கொடுக்காமல் விடுவதே நல்லது.